காய்ச்சலுக்கு அப்புறம்

கதைசொல்லி பூரணிக்கு அவளைவிட இருபது வயது மூத்த சீடர் ஒருவர் வாய்த்திருந்தார். பெயர் தங்கப்பழம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் "குருவே" என்று அழைக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் அவரைச் "சார்" என்றுதான் கூப்பிடுவாள்.

பக்கத்து ஊரில் தட்டம்மை பரவியிருந்தது. அதனால் இந்தக் கடற்கரை ஊரின் மீன் ஏலக்கூடத்தில் தடுப்பூசி முகாம். கதை சொல்லி ஆட்களைக் கூட்டத்தான் இருவரையும் வரவழைத்திருந்தார்கள்.

தங்கப்பழத்தின் கதையில் ஓர் அரசன் இருந்தான், நோயென்னும் அரக்கி இருந்தாள், ஊசி போட்டுக்கொண்ட இளவரசன் பிழைத்தான். சும்மா சொல்லக்கூடாது, அருமையான கதை. கூட்டம் கைதட்டியது. பலர் வரிசையில் போய் நின்றார்கள். செலின் என்ற இளம்பெண் மட்டும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

"ஏம்மா, கதை பிடிக்கலையா?" என்றார் தங்கப்பழம்.

"நல்லா இருந்துச்சு சார். ஆனா எம்புள்ளைக்கு ஊசி வேண்டாம்."

அவர் அடுத்த கதைக்குத் தொண்டையைச் செருமினார். பூரணி அவரை உட்காரச் சொன்னாள்.

"நீ ஒரு கதை சொல்லும்மா. நான் உம் கொட்டுறேன்."

"எனக்கு என்னக்கா கதை தெரியும்?"

"ஏன் வேண்டாம்னு தெரியும்ல? அதைச் சொல்லு."

செலின் மணலில் உட்கார்ந்தாள்.

"மூத்தவனுக்கு ஊசி போட்டேன்."

"உம்."

"அன்னிக்கு ராத்திரியே காய்ச்ச. உடம்பு கொதிக்குது. மாமி வந்து, 'நல்லா இருந்த புள்ளைய இப்படிப் பண்ணிட்டியே பாவி'ன்னு..."

"உம்."

"அவ்வளவுதான்க்கா."

"அப்புறம்?"

செலின் விழித்தாள். இதுவரை யாரும் அதற்குமேல் கேட்டதில்லை. எல்லோரும் "ஐயோ" என்று உச்சுக்கொட்டிவிட்டு அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள்.

"அப்புறம்... விடியும்போது தணிஞ்சுது. கஞ்சி குடிச்சான்."

"அப்புறம்?"

"வெளையாடப் போயிட்டான்."

"இப்ப எங்க இருக்கான்?"

கரையேற்றி வைத்திருந்த வள்ளத்தின் மேலிருந்து ஒரு பயல் கூச்சலோடு மணலில் குதித்தான்.

"ஏலே டென்சில்! கால ஒடிச்சிராதல!" என்று கத்தினாள் செலின். கத்திய வாய் மூடவில்லை, அப்படியே சிரிப்பாகிவிட்டது. வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே குழந்தையோடு நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், காய்ச்ச வந்தா என்ன குடுக்கணும்? இப்பவே சொல்லிருங்க."

பூரணிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தங்கப்பழத்துக்கும் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் மனத்தாங்கல்.

"குருவே, என் கதையிலும் ஊசி போட்ட பிள்ளை பிழைச்சுதே?"

"பிழைச்சுது சார். அது யாரு பெத்த புள்ள?"

"அரச..." என்று தொடங்கிய தங்கப்பழம், மறுபடி வள்ளத்தில் ஏறிக்கொண்டிருந்த டென்சிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.