ஈரம் காய்ந்த வயிறு

வற்றிக்கொண்டிருந்த ஓர் ஏரியின் கரையில், சரளைக் கல்லுக்கு நடுவே, செம்மூக்கி என்கிற ஆள்காட்டிப் பறவை நான்கு முட்டை இட்டிருந்தாள். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. முட்டைகள் கல்லோடு கல்லாகக் கிடந்தன.

சித்திரை வெயிலில் அந்தக் கல் கொதிக்கும். அதனால் செம்மூக்கியும் அவள் கணவன் நெட்டைக்காலனும் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஒருவர் முட்டைக்கு மேலே நிழலாக நிற்க வேண்டும். மற்றவர் ஏரிக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து, ஈரத்தோடு முட்டைமேல் உட்கார வேண்டும். ஈரம் காய்ந்ததும் ஆள் மாறிக்கொள்வார்கள்.

செம்மூக்கியின் கண் பொல்லாத கண். புதரில் எது அசைந்தாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். கத்திக் காட்டையே உசுப்பிவிடுவாள். அந்தக் கண்ணுக்குத்தான் போட்டி வந்தது.

அந்தக் காட்டில் ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் கூடங்கள் இரண்டு இருந்தன. பாறைமேல் மயிலாரின் கூடம், வேலமரத்தில் ஓணானாரின் கூடம். வளைக்கு எத்தனை வாசல் வைக்கலாம் என்று முயல் வந்து கேட்கும். எந்தப் பக்கம் கிழங்கு தோண்டலாம் என்று பன்றி வந்து கேட்கும். சொன்னது பலித்தால் அது கூடத்தின் சாமர்த்தியம். பலிக்காவிட்டால் கேட்டவர் சரியாகச் செய்யவில்லை. மயிலார் தோகையை விரித்த பிறகுதான் வாயைத் திறப்பார். ஓணானார் எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார். இரண்டு இடத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

ஒருநாள் காலையில் முட்டைக்குள்ளிருந்து 'கிச்' என்று ஒரு சத்தம் கேட்டது. செம்மூக்கிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. குஞ்சு பொரியப்போகிறது. அதே நேரம் மயிலாரிடமிருந்தும் ஓணானாரிடமிருந்தும் வேலைக்கு அழைப்பு வந்தது.

"வேலை கிடைச்சா குஞ்சுகளுக்கு நல்ல இடம் கிடைக்கும். வயித்த நனைச்சுட்டு, அப்படியே போய் என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்" என்றாள்.

"சீக்கிரம் வா. வெயில் ஏறுது" என்றான் நெட்டைக்காலன்.

செம்மூக்கி முதலில் ஏரியில் நனைந்துகொண்டு பாறைக்குப் பறந்தாள்.

"நீதாம்மா எங்க கூடத்தோட கண்ணு. தலைமைப் பார்வையாளர்னு பட்டம். பாறை உச்சியில உனக்குத் தனி இடம். குஞ்சுகளுக்கு நாள் முழுக்க நிழல்" என்றார் மயிலார்.

செம்மூக்கிக்கு வாய் ஊறியது. ஆனால் உடனே சரி என்று சொன்னால் மதிப்பு இருக்காதே.

"பார்க்கலாம்" என்றாள்.

வேலமரத்துக்குப் போய் மயிலார் சொன்னதை மெதுவாக அவிழ்த்துவிட்டாள். ஓணானார் தலையை ஆட்டினார்.

"நிழல்தானே? இங்கயும் உண்டு. கூடவே கிளைக்குக் கீழ இருக்கிற கறையான் புற்று பூரா உன் பிள்ளைகளுக்கு. ரெண்டு வருஷம் போனா நீ எனக்குப் பங்காளி."

"பார்க்கலாம்" என்றாள் செம்மூக்கி.

முட்டைக்குத் திரும்பியபோது வயிற்றில் ஈரமே இல்லை. நெட்டைக்காலன் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"எங்க தண்ணி?"

"வழியில காஞ்சுபோச்சு. என்னைப் பங்காளியாக்கறாங்களாம், தெரியுமா?"

"பங்காளின்னாலே வரப்புச் சண்டைதான். நீ நில்லு, நான் நனைச்சுட்டு வரேன்."

"இன்னும் ஒரே தடவை. புற்றுன்னு சொன்னா மயிலார் இன்னும் கூடக் கொடுப்பார்."

அவள் பறந்துவிட்டாள். அவனால் நகர முடியவில்லை. நகர்ந்தால் முட்டைமேல் வெயில் நேராக விழும்.

மயிலார் கூடக் கொடுத்தார். அதைக் கேட்டு ஓணானார் அதற்கும் மேலே கொடுத்தார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று ஏறியதால், நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. பாறையில் இருக்கும்போது வேலமரம் நல்லதாகத் தெரிந்தது, வேலமரத்தில் உட்கார்ந்தால் பாறை இழுத்தது. ஏரியைத் தாண்டும்போதெல்லாம் வயிற்றை நனைத்துக்கொண்டாள். பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். புதரில் அசையும் எலிவாலைக்கூடத் தவறவிடாத கண், கரையில் தள்ளாடிக்கொண்டிருந்த புருஷனைப் பார்க்கவில்லை.

உச்சி வெயிலில்தான் அவன் குரல் கேட்டது. அது எதிரியைக் கண்டு கத்தும் குரல் இல்லை. அவளைக் கூப்பிடும் குரல்.

பறந்து வந்தாள். நெட்டைக்காலன் சரிந்து கிடந்தான். சிறகை மட்டும் முட்டைமேல் போட்டிருந்தான். கல் சுட்டது. முட்டைக்குள் சத்தம் இல்லை.

அவன் தட்டுத்தடுமாறித் தண்ணீருக்குப் போனான். செம்மூக்கி அவன் இடத்தில் நின்றாள். அந்த நேரம் பார்த்து மயிலார் பதில் கேட்க நேரிலேயே வந்துவிட்டார். வழக்கம்போலத் தோகையை விரித்தார். அதன் நிழல் நான்கு முட்டைமேலும் விழுந்தது.

"ஐயா, அப்படியே கொஞ்சம் நில்லுங்க" என்று செம்மூக்கி கெஞ்சினாள். "ஏரிக்குப் போய் வந்துடறேன். அதுவரைக்கும் போதும்."

மயிலார் முகம் மாறியது. "நிழல் வேலையில சேர்ந்தவங்களுக்குத்தாம்மா. நீ இன்னும் பார்க்கலாம்னுதானே சொல்லியிருக்க?" தோகையை மடக்கிக்கொண்டு நடந்தார்.

பின்னாலேயே ஓணானார் வந்தார்.

"நீங்களாவது ஒரு வாய் தண்ணி கொண்டுவருவீங்களா?"

ஓணானார் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கல்லிடுக்கில் புகுந்துகொண்டார்.

நெட்டைக்காலன்தான் வந்தான், நடந்தே வந்தான். வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. முட்டைமேல் உட்கார்ந்தான். செம்மூக்கி ஏரிக்குப் பறந்து, நனைந்து, வழியில் எங்கும் நிற்காமல் திரும்பினாள். பொழுது சாயும்வரை இருவரும் மாறி மாறி இதையே செய்தார்கள்.

மறுநாள் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. நான்காவது முட்டை பொரியவில்லை. முந்தின நாள் காலையில் 'கிச்' என்று முதலில் சத்தம் கேட்டதே, அந்த முட்டைதான் அது.

பாறையில் மைனா ஒன்று வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சேதி வந்தது. வேலமரத்து வேலைக்குக் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்தது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நெட்டைக்காலன் நாணல் ஓரம் போன பிறகும், செம்மூக்கி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து அந்த ஒரு முட்டைமேல் உட்கார்ந்தாள்.

யாருக்காக நல்ல இடம் தேடுகிறோமோ, அவர்களை வெயிலில் விட்டுவிட்டுப் பேரம் பேசினால், கிடைக்கும் இடத்தில் குடியேற அவர்கள் இருக்க மாட்டார்கள்.