தம்பிமார் வரவேற்ற சட்டம்

முன்னொரு காலத்திலே வேங்கைநாடு என்று ஒரு நாடு; அதற்குச் சிம்மவல்லபன் என்று ஒரு ராஜா. நல்லவர்தான். ஆனால் காலையில் யார் முதலில் வந்து காதைக் கடிக்கிறாரோ, அன்று முழுக்க அவர் சொல்வதுதான் ராஜாவுக்கு நியாயம். அன்றைக்கு முந்திக்கொண்டவர் சேனாபதி அதிவீரர்.

புதிய சட்டம் ஒன்றை அவர் ஓலையில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். வேலை, குடியேற்றம், காவல், தண்டனை எல்லாவற்றையும் அந்த ஒரே ஓலையில் அடைத்திருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் பிறந்த எவரும் வேங்கைநாட்டில் வேலை பார்க்கக் கூடாது, குடியிருக்கக் கூடாது. அவர்களைப் பிடிக்கக் காவல் இரட்டிப்பாகும். பிடிபட்டால் சிறை, பிறகு நாடு கடத்தல். காவல் இரட்டிப்பானால் சேனாபதியின் அதிகாரமும் இரட்டிப்பாகும் என்பது ஓலையில் இல்லை. அதை எழுதித்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை.

இதற்கெல்லாம் காரணம் ஒரு சால்வை. மழைக்கு முன்னால் பெரிய ஏரியின் கரையை உயர்த்த, அக்கரையிலிருந்து மண்வேலைக்காரர்களை அழைத்து வந்தவர் மந்திரி ஏகாம்பரம். அதை மெச்சி ராஜா அவருக்குச் சால்வை போர்த்தினார். அன்றிலிருந்து சேனாபதிக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முரசறைந்து சட்டத்தை அறிவிப்பது என்று ராஜா சொல்லிவிட்டார். சேனாபதியோ அதுவரை காத்திராமல் அன்றே மண்வேலைக்காரர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார். சட்டம் வந்த பிறகு தேடி அலைய வேண்டாமே என்ற முன்யோசனை.

மந்திரி சிறைக்கு ஓடினார். வேலைக்காரர்களின் தலைவி நாச்சாயி கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் கோபப்படவில்லை.

"உங்க வார்த்தைய நம்பித்தானே ஐயா, புள்ளகுட்டியோட ஆத்தைத் தாண்டி வந்தோம்?" என்று மட்டும் கேட்டாள்.

உங்களுக்கு ஒரு குறையும் வராது என்று சொல்லி அழைத்து வந்தவரே மந்திரிதான். வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

அரண்மனை வாசலில் ஒரே சந்தடி. மகாராணிக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு அனுப்பப் பல்லக்கு காத்திருந்தது. மகாராணிக்குத் தாய்வீடு அக்கரையில். அவருக்கு மட்டுமா? வேங்கைநாட்டுப் பெரிய வீடுகளில் பெண்ணெடுப்பதே அக்கரையில்தான். மந்திரி பல்லக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் அவையில் மந்திரி அந்தச் சட்டத்தை வாய் வலிக்கப் புகழ்ந்தார். சேனாபதிக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

"ஒரு சின்னச் சந்தேகம். பிறந்த ஊர் என்றால் அப்பாவின் ஊரா, பிரசவம் நடந்த ஊரா?" என்றார் மந்திரி.

"பிரசவம் நடந்த ஊர்தான். இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஓர் ஊரைச் சொல்லித் தப்பித்துவிடுவார்கள்" என்றார் சேனாபதி.

"யாருக்காவது விலக்கு உண்டா, மகாராஜா?"

"என் ரத்தமாக இருந்தாலும் கிடையாது" என்றார் ராஜா. சொன்னது அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவையும் சொன்னார்.

வெளியேறுகிறவர்களின் வேலை காலியாகுமே, அதற்கு ஆட்களைத் தானே கூட்டிவரலாமா என்று மந்திரி பணிவாகக் கேட்டார். தாராளமாக என்றார் ராஜா.

வெள்ளிக்கிழமை வந்தது. முரசுக்காரன் கோலைக் கையில் எடுத்த நேரம், மந்திரிக்குப் பின்னால் ஒரு கூட்டம் அவைக்குள் நுழைந்தது. எல்லோரும் தலைமுழுகி, புதுவேட்டி கட்டி, வாயெல்லாம் பல்லாக வந்தார்கள். பொக்கிஷக்காரரின் தம்பி, புரோகிதரின் தம்பி, சேனாபதியின் தம்பி. சேனாபதியின் தம்பி இடுப்பில் புது உடைவாள். கடைசியாக ராஜாவின் தம்பி குணவல்லபன், கக்கத்தில் ஒரு மெத்தையோடு வந்தார். அண்ணனின் சிம்மாசனம் பார்வைக்கே கடினமாகத் தெரிகிறது என்று அவருக்கு வெகுநாளாக ஓர் எண்ணம்.

"இவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள்?" என்றார் ராஜா.

"பொறுப்பேற்க வந்திருக்கிறார்கள், மகாராஜா. இந்த அவையில் பதவியெல்லாம் மூத்த பிள்ளைக்குத்தான். மூத்த பிள்ளையைப் பெறத் தாய்மார் தாய்வீடு போவது நம் வழக்கம். தாய்வீடு அக்கரையில். ஆகவே அண்ணன்மார் எல்லோரும் சிறைக்குப் போகிறார்கள். அடுத்த பிள்ளைகளை இங்கேயே பெற்றதால் தம்பிமார் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சட்டம் மிகவும் பிடித்திருக்கிறது."

ராஜா சேனாபதியைப் பார்த்தார்.

"நீர் எங்கே பிறந்தீர்?"

"மாமா வீட்டில்" என்று முனகினார் சேனாபதி.

"மாமா வீடு எங்கே?"

"அக்கரையில்தான், மகாராஜா" என்று அவருடைய தம்பி உடனே எடுத்துக் கொடுத்தார்.

ராஜா மெல்லச் சொன்னார்: "நான் பிறந்த சேதி அப்பாவுக்குத் தாமதமாகத்தான் கிடைத்ததாம். ஆற்றில் வெள்ளம், ஓடம் வரவில்லை என்று அம்மா சொல்வார்கள்." அப்படியே கையை நீட்டி ஓலையை வாங்கி ஒடித்துப் போட்டார். ஏரிக்கரை உயரும்வரை சேனாபதி நாச்சாயியின் கீழ் மண் சுமக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. குணவல்லபன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டார். சேனாபதியின் தம்பி மட்டும் உடைவாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டம் எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரும் என்று சொல்லிவிட்டார்.

மந்திரிக்கு என்ன பரிசு வேண்டும் என்று ராஜா கேட்டார். சிறைக்கதவை மகாராஜாவே வந்து திறக்க வேண்டும் என்றார் மந்திரி. ராஜா வந்தார், திறந்தார். நாச்சாயி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாமிக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

ராஜா வழக்கம்போல அப்பாவின் ஊரைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "பிறந்தது அக்கரையில், அம்மா" என்றார்.

"அப்ப நம்ம ஊருப் புள்ள" என்றாள் நாச்சாயி. பிறகு மந்திரியைத் திரும்பிப் பார்த்து ஒரு தரம் தலையசைத்துவிட்டு, சிறைவாசலில் போட்டிருந்த மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்கு நடந்தாள்.