பாசிக்குக் கண்ணு மொளைச்ச கதை

ஒரு ஊர்ல ஒரு பாசி இருந்துச்சு. ஒரு பாசின்னா சொன்னேன்? ஊரே பாசி! மலைக்கு அடியில இருக்கிற ஊரு அது. ஆனி ஆடியில சாரல் பிடிச்சா விடவே விடாது, பிசுபிசு பிசுபிசுன்னு தூறிக்கிட்டே கிடக்கும். அதனால படியில பாசி, சுவத்துல பாசி, கிணத்தடியில பாசி. ஒரு எருமை ரெண்டு நாள் ஒரே இடத்துல படுத்துக் கிடந்தா அது முதுகுலயும் பச்சை பூத்துடும். என்னட்டி சிரிக்க? அத்தை பொய்யா சொல்லுவேன்? சரி, எருமை கொஞ்சம் பொய். மத்ததெல்லாம் நெசம். நீ "ம்" மட்டும் சொல்லிக்கிட்டே வா செம்பா. "ம்" நின்னா கதையும் நின்னுடும்.

ம்.

அந்த ஊர்ல கோமு, கோமுன்னு ஒருத்தி. அவளுக்கு வேலையே பாசி சுரண்டுறதுதான். கையில ஒரு கம்பி பிரஷ், இடுப்புல ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர். பள்ளிக்கூடத்துப் படி வழுக்குதா, கூப்பிடு கோமுவை. குளிக்கிற துறை வழுக்குதா, கூப்பிடு கோமுவை. வந்து குத்த வச்சு உக்காந்தான்னா கரக் கரக், கரக் கரக்... கொஞ்ச நேரத்துல படியெல்லாம் பல்லு விளக்குன மாதிரி ஆயிடும். அவளுக்கு ஏன் பாசி மேல அம்புட்டு கோவம்னு கேளு. அவ சின்னப் பிள்ளையா இருக்கையில, அவ அம்மா கிணத்தடியில சர்ர்ர்ருன்னு வழுக்கி, தொப்புன்னு விழுந்து, இடுப்பு ஒடிஞ்சு படுத்தவ எந்திரிக்கவே இல்ல. பாவம். அன்னையிலேருந்து பச்சையா எதைக் கண்டாலும் கோமு கை சும்மா இருக்காது.

அப்புறம் என்னாச்சுன்னா, ஊர்ல பொருட்காட்சி வந்துச்சு. அங்க வளையம் எறியிற கடை இருக்கும்ல, அதுல கோமு ஒரு சோப்பு டப்பாவைக் குறி வச்சா. அவளுக்கு எங்க போனாலும் சோப்புதான் கண்ணுக்குத் தெரியும். முதல் வளையம் விர்ர்ருன்னு போயி கடைக்காரன் காதுல மாட்டுச்சு. ரெண்டாவது வளையம் பக்கத்துல நின்ன ஆளோட பஞ்சுமிட்டாயில மாட்டுச்சு. மூணாவது வளையம் டங்குன்னு விழுந்துச்சு. எங்க? ஒரு கண்ணாடித் தொட்டி மேல. உள்ள ரெண்டு கப்பி மீனு!

"எனக்கு சோப்பு குடுங்க போதும்"னா கோமு.

"விழுந்தது மீன் மேல. எடுத்துட்டுப் போ தாயி"ன்னுட்டான் கடைக்காரன்.

என்ன செய்வா? தூக்கிட்டு வந்தா. அதுல ஒண்ணு பொம்பள மீனு, குண்டா, சாதுவா இருக்கும். அதுக்கு ராசாத்தின்னு பேரு வச்சா. இன்னொண்ணு ஆம்பள மீனு. பெரிய வாலு, வாலு பூரா கலரு. அந்த வாலை இப்படி ஒரு ஆட்டு, அப்படி ஒரு ஆட்டு. வேற ஒரு வேலையும் கிடையாது. அதுக்கு மைனர்னு பேரு வச்சா. கோமு தனியாத்தான் இருந்தா. வீட்டுக்கு வந்தா பேச ஆள் கிடையாது. இப்போ கதவைத் திறந்ததும் ரெண்டும் கண்ணாடிக்குப் பக்கத்துல ஓடி வரும். "வந்துட்டேன், வந்துட்டேன், ஏன் பறக்கியோ?"ன்னு அதட்டிக்கிட்டே தீனி போடுவா. அவளுக்கு அம்புட்டு சந்தோஷம்.

ம்.

ஒரு நாள் காலையில பாத்தா, தொட்டிக்குள்ள எள்ளு எள்ளா என்னமோ ஓடுது! குனிஞ்சு பாத்தா, குட்டி மீனு! கப்பி முட்டை போடாது, குட்டியாவே போடும், தெரியும்ல? எண்ணிப் பாத்தா பதினாறு. கோமுவுக்குத் தரையில கால் பாவல. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டே வேலைக்குப் போனா. சாயங்காலம் ஓடி வந்து பாத்தா... ஒண்ணு கூட இல்ல. ராசாத்தியும் மைனரும் மட்டும் வயிறு புடைச்சு நிக்குது.

"அட பாவிகளா! பெத்த பிள்ளையவே தின்னுட்டீங்களா!"

அன்னைக்கு அவ ரெண்டுக்கும் தீனி போடல. தானும் சாப்பிடல. மறுநாள் விடிஞ்சதும் விடியாததுமா கலர் மீன் கடைக்குப் போனா. அங்க துரைப்பாண்டி அண்ணாச்சி இருந்தாரு.

"அதுக்கு அம்மான்னும் தெரியாது, பிள்ளைன்னும் தெரியாது கோமு. வாய்க்கு முன்னால ஓடுனா முழுங்கிடும். குட்டிங்க ஒளிய ஒரு இடம் வேணும். தொட்டிக்குள்ள பாசி வளத்துப் போடு"ன்னாரு.

"எதை?"

"பாசியை."

"என் வீட்டுக்குள்ள பாசியா? என்னைப் பாத்தா எப்படித் தெரியுது அண்ணாச்சி?"ன்னுட்டு விறுவிறுன்னு வந்துட்டா. ஆனா பத்து நாள் கழிச்சுப் பாத்தா, ராசாத்திக்குத் திரும்பவும் வயிறு லேசா மேடு தட்டுது. கோமு அதைப் பாத்தா. கையில இருந்த பிரஷ்ஷைப் பாத்தா. "சரி, ஒரே ஒரு குட்டியாவது தப்பிச்சாப் போதும்"னு நினைச்சா.

அப்போ முதல் தடவை என்ன செஞ்சா, பள்ளிக்கூடத்துச் சுவத்துல சுரண்டுன பாசியை அப்படியே அள்ளிட்டு வந்து தொட்டிக்குள்ள போட்டா, பொதக்! அது மிதந்துச்சு. கலைஞ்சுச்சு. நாலு நாள்ல பழுப்பாச்சு, ஒரு வாரத்துல குப்புன்னு ஒரு நாத்தம். மைனர் மூக்கைப் பொத்தாத குறை. ராசாத்தி குட்டி போட்டா. ஒளிய இடம் இல்ல. லபக் லபக் லபக். அம்புட்டுதான்.

"சுவத்துப் பாசி காத்துல வளந்தது கோமு. தண்ணிக்குள்ள முக்குனா மூச்சு முட்டிச் சாகாம என்ன செய்யும்? தண்ணிக்குள்ளயே இருக்கிற பாசியா பாத்து எடு"ன்னாரு அண்ணாச்சி.

அப்புறம் ரெண்டாவது தடவை. மலை ஓடைக்குப் போனா. முழங்கால் தண்ணியில இறங்கி, பாறைக்கு அடியில கையை விட்டா. பட்டு மாதிரி மெத்து மெத்துன்னு ஒரு பாசி. ஒரு பிடி எடுத்தா. வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தா உள்ளருந்து நெளிஞ்சு நெளிஞ்சு ஒரு அட்டை! "ஆத்தாடி!"ன்னு ஒரே குதி. அட்டை போனா சரி, அழுக்கும் போகட்டும்னு, பழக்க தோசத்துல ரெண்டு கரண்டி பிளீச்சிங் பவுடரைப் போட்டு அலசிட்டா. பத்து நிமிசத்துல பச்சை போச்சு. பாசி சுட்ட அப்பளம் மாதிரி வெள்ளை வெளேர்னு கிடக்கு. அந்தத் தடவையும் லபக் லபக் லபக்.

செம்பா, தூங்கிட்டியா?

ம்ஹூம்.

கண்ணை மூடிக்கிட்டே "ம்ஹூம்" சொல்லுதாளே. சரி கேளு.

அண்ணாச்சி இந்தத் தடவை வீட்டுக்கே வந்து தொட்டியைக் குனிஞ்சு பாத்தாரு. "கோமு, ராசாத்திக்கு வயசாயிடுச்சு. வாலு தேஞ்சு போச்சு பாரு. இன்னும் ஒரு ஈத்து தாங்கும். அதுக்கு மேல கிடையாது"ன்னாரு. கோமு எந்திரிச்சு நேரா ஓடைக்குப் போனா.

அப்போ மூணாவது தடவை. ஒரு சிட்டிகை, ஒரே ஒரு சிட்டிகை பாசிதான் எடுத்தா. அதை ஒரு வாரம் தனி வாளியில போட்டு வச்சு தினம் தண்ணி மாத்துனா. அதுக்குள்ளருந்து ஒரு நத்தை வந்துச்சு, ரெண்டு புழு வந்துச்சு, பேர் தெரியாத ஆறு கால் பூச்சி ஒண்ணு மீசையை ஆட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லாத்தையும் கொண்டு போய் ஓடையிலயே விட்டுட்டு வந்தா. குழாய்த் தண்ணியில மருந்து கலந்திருப்பாங்கல்லா, அதனால ஒரு நாள் பூரா திறந்து வச்ச தண்ணியைத்தான் தொட்டியில ஊத்துனா. பாசியை ஒரு கூழாங்கல்லு மேல பரப்பி, கறுப்பு நூலால சுத்திச் சுத்திக் கட்டி, மெதுவா உள்ள இறக்குனா.

பக்கத்து வீட்டு ஐயம்மா மைனி சுவத்துக்கு மேலால எட்டிப் பாத்தா. "ஏ கோமு! ஊர்ப் பாசியை எல்லாம் கொன்னுட்டு, வீட்டுப் பாசிக்குத் தண்ணி மாத்துதியாக்கும்? இந்தக் கூத்தை நான் எங்க போய்ச் சொல்ல!"

"எங்கயும் சொல்லாதீங்க மைனி. வேலை போயிடும்."

அந்தப் பாசி என்ன செஞ்சுச்சு தெரியுமா? முதல் வாரம் அதுவும் பழுப்பாச்சு. கோமு தூக்கி எறியப் போனவ, பொறுத்தா. ரெண்டாவது வாரமும் பழுப்பு. பொறுத்தா. மூணாவது வாரம் ஒரு நுனியில, ஊசி முனை அளவு, பளிச்சுன்னு ஒரு பச்சை! மறுநாள் ரெண்டு. அப்புறம் பத்து. கோமு வேலைக்குப் போற முன்னால பாப்பா, வந்து பாப்பா. பச்சையைப் பாத்து அவ சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.

அப்போ ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை வீடு கழுவுற நாளு. தரையைத் தேச்சா, கரக் கரக். முற்றத்தைத் தேச்சா, கரக் கரக். அப்படியே ஏதோ யோசனையில தொட்டிக்குள்ளயும் கையை விட்டு, கரக்... ஐயோ! பாதிப் பாசி போச்சு!

கோமு தன் கையை வெளிய எடுத்து, பளார் பளார்னு அது மேலயே ரெண்டு அடி போட்டா. அப்புறம் ஓடிப் போய் பிரஷ்ஷை மைனி கிட்ட நீட்டினா. "இதை நீங்க வச்சுக்கோங்க மைனி. காலையில வேலைக்குப் போறப்ப வாங்கிக்கிடுதேன். சாயங்காலம் உங்க கிட்ட குடுத்துட்டுத்தான் என் வீட்டுக்குள்ள போவேன். நான் கேட்டாலும் வீட்டுக்குள்ள கொண்டு போகக் குடுக்காதீங்க."

மைனி அதுக்கும் சிரிச்சா. ஆனா வாங்கி வச்சுக்கிட்டா.

மிச்சமிருந்த பாதிப் பாசி மெல்ல மெல்ல வளந்துச்சு. கல்லை மூடுச்சு. கல்லுக்கு மேல குட்டிப் புதராட்டம் எழும்புச்சு. ராசாத்தி வயிறும் எழும்புச்சு. கோமு அதைப் பாத்து இதைப் பாத்து, இது முந்துமா அது முந்துமான்னு தவிச்சுக்கிட்டே கிடந்தா.

ம்...

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ராசாத்தி மூலையில போய் அசையாம நின்னா. கோமுவுக்குப் புரிஞ்சு போச்சு. பக்கத்துலயே உக்காந்துட்டா. முதல் குட்டி, சுருண்ட பொட்டாட்டம் வந்து விழுந்துச்சு. விழுந்தது நிமிந்துச்சு. மைனர் திரும்பிப் பாத்தான். குட்டி சுர்ர்ருன்னு ஒரே ஓட்டம், பாசிக்குள்ள போயிடுச்சு! "போடு!"ன்னு கத்திட்டா கோமு. அப்போ பாத்து அடுப்புல பால் பொங்குச்சு, புஸ்ஸ்ஸ். ஓடிப் போனா. அடுப்பை அணைச்சு, சிந்துனதைத் துடைச்சு... அவளுக்குத் துடைக்க ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது... மேடையைத் துடைச்சு, சுவத்தைத் துடைச்சு, திரும்பி வந்து பாத்தா...

ராசாத்தி வயிறு ஒட்டிப் போயிருக்கு. தண்ணியில ஒரு குட்டி கூட இல்ல. பாசிப் பக்கம் குனிஞ்சு பாத்தா, அங்கயும் ஒரு அசைவு இல்ல. மைனர் வாலை ஆட்டிக்கிட்டு நடுவுல நிக்கான்.

கோமு தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அழுதா. கடைசி ஈத்தும் போச்சே! அப்புறம் கோவம் வந்துச்சு. மீன் மேல வரல, பாசி மேல வந்துச்சு. "எங்க அம்மாவையும் கொண்டு போன. இப்போ இதையும் கொண்டு போயிட்டியா?" விறுவிறுன்னு மைனி வீட்டுக்குப் போனா.

"பிரஷ்ஷைக் குடுங்க."

"குடுக்காதன்னியே கோமு."

"குடுங்க மைனி!"

அந்த முகத்தைப் பாத்து மைனிக்குப் பயம். குடுத்துட்டா. குடுத்துட்டு, பின்னாலயே ஓடி வந்தா. கோமு தொட்டிக்குள்ள கையை விட்டா. பிரஷ் கல்லுக்குப் பக்கத்துல போச்சு. இன்னும் பக்கத்துல போச்சு.

அப்போ பாசி அவளைப் பாத்துச்சு.

நெசமாத்தான்! பச்சைக்கு நடுவுல ரெண்டு கறுப்புக் கண்ணு. கோமு அப்படியே நின்னுட்டா. கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்தா இன்னும் ரெண்டு கண்ணு. மேல ரெண்டு. அடியில நாலு. நூலுக்குப் பக்கத்துல ஒண்ணு, அது திரும்புனதும் ரெண்டாச்சு. பாசி பூரா கண்ணு! மைனரை விட்டுத் தப்பிச்சதுங்க எல்லாம் மூச்சு விடாம ஒளிஞ்சுக்கிட்டு, மூஞ்சியை மட்டும் நீட்டி, இவளைப் பாக்குதுங்க!

"மைனி... பாசிக்குக் கண்ணு மொளைச்சிருக்கு மைனி"ன்னா கோமு.

ரெண்டு பேரும் தலையோட தலை முட்ட எண்ணுனாங்க. எண்ண எண்ண ஓடுதுங்க, திரும்ப எண்ணுனாங்க. பதினொண்ணு! கோமு பிரஷ்ஷை மெல்ல வெளிய எடுத்தா. மெல்ல, மெல்ல... பாசியில ஒரு நுனி கூட அசையல.

மறுநாள் அவ வேலைக்குப் போனா. பள்ளிக்கூடத்துப் படியைச் சுரண்டுனா, கரக் கரக். துறையைச் சுரண்டுனா, கரக் கரக். படியை விடுவாளா? விட மாட்டா, யாரும் விழுந்துடக் கூடாதுல்லா. ஆனா சுவரு வந்ததும் நின்னுட்டா. "இதையும் சுரண்டு கோமு"ன்னாங்க. "இதுல யாரு காலு வைக்கப் போறா? உள்ள யாரு ஒளிஞ்சிருக்காங்களோ, இருக்கட்டும்"ன்னுட்டா. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ, பிரஷ்ஷை மைனி கிட்ட குடுக்கப் போகல. வாசல்ல செருப்பைக் கழட்டுனா. அதுக்குப் பக்கத்துலயே பிரஷ்ஷையும் விட்டா. வெறுங்கையோட உள்ள போனா.

செம்பா...

செம்பா?

"ம்" நின்னு போச்சு. சரி, குட்டி எல்லாம் பாசிக்குள்ள ஒளிஞ்சாச்சு, என் குட்டியும் போர்வைக்குள்ள ஒளிஞ்சாச்சு. கதையைக் கழட்டி வாசல்ல விட்டாச்சு. தூங்கு.