கலங்கலடி வயல்

"தாயே, உங்கள் குருமாருக்கு நிலம் பார்க்கத் தெரியவில்லை" என்றார் திருமேனி.

மடத்தின் தலைவி செங்கமலத்தம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏரி நிரம்பினால் மிகுநீர் வழிவது கலங்கலில். அங்கிருந்து இறங்கும் வெள்ளம் முதலில் பாய்வது நம் வயலில். ஊரில் வேறு நிலமே கிடைக்கவில்லையா?"

"கிடைத்தது. இதைத்தான் கேட்டு வாங்கினார்கள்."

திருமேனிக்கு வயது நாற்பத்தாறு. துறவு பூண்டு மூன்று ஆண்டுகள். உழுததும் நட்டதும் களையெடுத்ததும் அவர் கைகளே. இரண்டு ஆண்டுப் பயிரை வெள்ளம் கொண்டுபோயிற்று. இவ்வாண்டு கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. அறுவடைக்கு எட்டே நாள்.

"இம்முறை விடமாட்டேன். கலங்கல்மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கிவிட்டேன்."

"புயல் வருகிறது என்று மூன்று நாளாக வானொலி சொல்கிறது. ஏரிக்கரை தாங்குமா?"

"மலைபோல் நிற்கிறது, தாயே."

அம்மை முறத்தை ஒதுக்கினார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டும் மழையில் இறங்கினார். திருமேனி குடையோடு பின்னால் ஓடினார்.

ஏரிக்கரையின் அடிவாரத்தில் ஒரு தெரு. முதல் வீடு அஞ்சலையுடையது.

"வாங்கம்மா, வாங்க சாமி! நடுவீட்டுல ஊத்து கெளம்பியிருக்கு. கிணறு வெட்டுற வேலை மிச்சம்" என்று சிரித்தாள் அவள். சிரித்துக்கொண்டே, பிள்ளை உறங்கும் தொட்டிலை உத்தரத்தில் இன்னும் உயர்த்திக் கட்டினாள்.

அம்மை ஈரத்தரையில் பாயை விரித்து அமர்ந்தார்.

"தாயே, இங்கேயா?"

"எட்டு நாளும் இங்கேதான்."

"கரை உடைந்தால்?"

"மலைபோல் நிற்கிறது என்றாயே. நீயும் உட்கார்."

திருமேனி உட்கார்ந்தார். வேட்டிக்கடியில் நீர் சில்லென்று ஊறியது. கையால் அள்ளிப் பார்த்தார்.

தெளிந்த நீர் அன்று. கரையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு வரும் நீர்.

குடையை விட்டுவிட்டு ஓடினார்.

"சாமி மூட்டையை எடுக்கப் போறாரு! வாங்கய்யா எல்லாரும்!" என்று அஞ்சலை தெருவைக் கூவி அழைத்தாள். "மடத்துப் பயிராச்சேன்னு இத்தனை நேரம் வாயை மூடிக்கிட்டுக் கெடந்தோம்!"

முதல் மூட்டையைத் திருமேனியே பெயர்த்தார். மற்றவற்றைத் தெருவே கூடி இழுத்தது. வெள்ளம் பாய்ந்தது. முற்றிய கதிர்கள் அவர் கண்ணெதிரே படுத்தன. பிறகு தண்ணீர் மட்டுமே தெரிந்தது.

மூன்று நாள் மழை ஓயவில்லை. கரை நின்றது. அதன் கீழே ஒரு சுவரும் விழவில்லை.

நான்காம் நாள் ஊர்த் தலைவர் வேலப்பர் பத்துப் பேரோடு மடத்துக்கு வந்தார்.

"அம்மா, ஊர் கூடிப் பேசிட்டோம். மேட்டு நிலத்துல ஒரு காணி மடத்துக்கு. அந்தப் பள்ளத்தை எங்களுக்குக் குடுத்துடுங்க. எவனாவது உழுதுட்டுப் போறான்."

அம்மை திருமேனியைப் பார்த்தார்.

திருமேனி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தர மாட்டோம்."

"என்ன சாமி இது! மூணு வருஷமும் முழுகிப்போச்சே!"

"தன் பயிர் முற்றி நிற்கும்போது, அந்த மூட்டைகளைத் தன் கையால் எடுப்பவன் உங்களில் எவன்? முன்னால் வரச் சொல்லுங்கள். அவன் பெயருக்கே எழுதித் தருகிறோம்."