அணில்கள் சுமந்த நான்கு வாக்கியம்

மூங்கில்காட்டில் சேதி கொண்டுபோவது அணில்களின் வேலை. ஓட்டம் பிரமாதம். ஞாபகம் மோசம். ஒரு வாக்கியத்துக்கு மேல் எந்த அணிலின் தலையிலும் நிற்காது.

அதனால் நீளமான சேதியை வாக்கியம் வாக்கியமாக வெட்டுவார்கள். வாக்கியத்துக்கு ஓர் அணில். ஒவ்வொன்றும் அகப்பட்ட கிளையில் ஓடும். பின்னால் கிளம்பியது முன்னால் போய்ச் சேரும். குழப்பம் வராதிருக்க எண் உண்டு. "நான்கில் ஒன்று!" என்று கத்திவிட்டுத்தான் அணில் வாக்கியத்தைச் சொல்லும். கேட்டவர் "ஒன்று வந்தது!" என்று பதில் சொல்லி அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அதே வாக்கியத்தோடு இன்னோர் அணில் ஓடும்.

அதற்கும் முன்னால், சொல்பவரும் கேட்பவரும் அணில் விட்டு விசாரித்துக்கொள்ளும் ஒரு முறை உண்டு.

"இருக்கிறாயா?"

"இருக்கிறேன். சொல்லப் போகிறாயா?"

"சொல்லப் போகிறேன்!"

இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் முதல் வாக்கியம் கிளம்பும்.

புதிதாகத் தலைமைக்கு வந்த கருங்குரங்குக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை.

"என்ன கூத்து இது? போவதில் பாதிப் பொழுது, வருவதில் பாதிப் பொழுது! குக்குறுவானைப் பாருங்கள்! உச்சிக்கிளையில் உட்கார்ந்து ஒரு கத்து. வேலை முடிந்தது. யாராவது 'வந்தது, வந்தது' என்கிறார்களா?"

குக்குறுவான் ஒரு பச்சைப் பறவை. எந்த அத்தி பழுத்தது என்று காலை முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும்.

"என்னை எதற்கு இழுக்கிறீர், தலைவரே?" என்றது அது. "என் கத்தல் ஒருவன் காதில் விழாவிட்டால் அவனுக்கு நாலு பழம் போகும். அவ்வளவுதான்."

"வாயை மூடு! இன்று முதல் எண் கிடையாது. பதில் கிடையாது. சொன்னோமா, போனோமா என்று இருக்க வேண்டும்!"

அணில்களுக்குச் சந்தோஷம். பாதி ஓட்டம் மிச்சம்.

பத்து நாள் ஒரு குறையும் இல்லை. பதினோராம் நாள் காலையில் மலையில் பெருமழை. குரங்கு மேட்டிலிருந்த மரத்துச்சியிலிருந்து பார்த்தது. செந்தண்ணீர் திரண்டு வந்துகொண்டிருந்தது. ஆற்றங்கரையில் இரண்டு வீடுகள்தான். ஒன்றில் முள்ளம்பன்றியும் அதன் இரண்டு குட்டிகளும். இன்னொன்றில் காட்டுப்பன்றி.

குரங்கு நான்கு அணில்களைக் கூப்பிட்டது.

"ஆறு பெருகுகிறது. உடனே மேட்டுக்குக் கிளம்புங்கள். ஓடைமேல் விழுந்து கிடக்கும் மரம் இற்றுவிட்டது, அதில் ஏறாதீர்கள். மேற்குப் பாறை வழியாக வாருங்கள்." ஆளுக்கொரு வாக்கியம் கொடுத்துவிட்டு, "ஓடுங்கள்!" என்றது.

நான்கும் பறந்தன.

மூன்றாவது அணிலைப் பருந்து துரத்தியது. அது ஒரு பொந்துக்குள் புகுந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான்காவது அணில் வழியில் இலந்தைப்பழம் பார்த்தது. தின்று முடித்தபோது வாக்கியம் மறந்துபோயிருந்தது.

கரைக்குப் போய்ச் சேர்ந்தவை இரண்டுதான். அதுவும் தலைகீழாக. "உடனே மேட்டுக்குக் கிளம்புங்கள்!" என்றது ஒன்று. "ஆறு பெருகுகிறது!" என்றது மற்றொன்று.

காட்டுப்பன்றி துள்ளி எழுந்தது. "வா முள்ளி! விழுந்த மரத்தில் ஏறினால் நாலு எட்டில் அக்கரை!"

முள்ளம்பன்றி நகரவில்லை. "கிளம்பு என்றால் எந்த வழியாக? தலைவர் அதைச் சொல்லாமலா விடுவார்? ஏய் அணிலே, மொத்தம் எத்தனை வாக்கியம்?"

"எண் சொல்லக் கூடாது என்று உத்தரவு, அக்கா."

காட்டுப்பன்றி சிரித்தது. "வெள்ளம் வருகிறது. இவளுக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டுமாம்! நீ இங்கேயே கிட!"

விழுந்த மரம் வெகு தூரம்; மூங்கில் புதரைச் சுற்றி ஓடி அது மறைந்தது.

"போய்க் கேட்டு வா," என்றது முள்ளம்பன்றி.

"ஐயோ அக்கா! பதில் கொண்டுபோனால் தலைவர் வாலைப் பிடித்து இழுப்பார்!"

"நான் உன்மேல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா?"

அணில் முட்களைப் பார்த்தது. ஓடியது.

தண்ணீர் வளைக்குள் வந்துவிட்டது. முள்ளம்பன்றி குட்டிகளை மூங்கில் தூர்மேல் ஏற்றியது.

"அம்மா, போகலாமே!" என்றது சின்னது.

"வழி தெரியட்டும். கெட்டியாகப் பிடி."

மேட்டில் அணில் மூச்சிரைக்கக் கத்தியது. "ஆறு பெருகுகிறது, மேட்டுக்குக் கிளம்புங்கள், இந்த இரண்டுதான் வந்தது! மொத்தம் எத்தனை, தலைவரே?"

குரங்கு கிளையிலிருந்து குதித்தது. "நான்கு! எண் சொல்லி அனுப்புங்கள்! மூன்றுக்கு இரண்டு பேர், நான்குக்கு இரண்டு பேர்! பதில் இல்லாமல் ஒருவனும் திரும்பக் கூடாது!"

தண்ணீர் தூரைத் தொட்டபோது மேலே கிளை ஆடியது.

"நான்கில் நான்கு! மேற்குப் பாறை வழியாக வாருங்கள்!"

"நான்கு வந்தது! மூன்று எங்கே?"

"நான்கில் மூன்று! விழுந்த மரம் இற்றுவிட்டது, அதில் ஏறாதீர்கள்!"

"மூன்று வந்தது!"

அடுத்த நொடியே முள்ளம்பன்றி குட்டிகளோடு மேற்கே நடந்தது. சின்னதுக்கு வயிறுவரை தண்ணீர். பாறையில் அவை கால் வைத்தபோது ஓடைப்பக்கம் 'மடார்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மரத்தோடு அடித்துக்கொண்டு போன காட்டுப்பன்றி ஒரு கல் தொலைவு தள்ளிக் கரையேறியது. காதுவரை சேறு. கோரைப்பல் ஒன்று போயிருந்தது. நொண்டிக்கொண்டு குரங்கிடம் வந்தது.

"மரம் இற்றுவிட்டது என்று ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன்!"

"வரவில்லையே!"

"வரவில்லை என்று நீ சொல்லவில்லையே!"

"சொல்லக் கூடாது என்று உத்தரவு போட்டது யாரய்யா?"

குரங்கு வாலைச் சொறிந்தது. பிறகு எழுந்தது.

"பழைய முறைக்கே போவோம். எண் உண்டு. பதில் உண்டு. எல்லாச் சேதிக்கும்! குக்குறுவானே, உனக்கும்தான்!"

"எனக்கா?" என்று குக்குறுவான் குதித்தது. "ஒவ்வோர் அத்திக்கும் முப்பது பேரிடம் பதில் கேட்டுக்கொண்டிருந்தால் பழம் அழுகிவிடும்! ஒரு முடிவும் அளவோடு எடுக்க மாட்டீரா, தலைவரே?"

முள்ளம்பன்றிகூடச் சிரித்துவிட்டது. குக்குறுவானை மட்டும் அதன் போக்கில் கத்த விட்டுவிட்டார்கள்.

கணினிகளும் இப்படித்தான் பேசிக்கொள்கின்றன. கடிதமோ கோப்போ அனுப்பினால் முதலில் "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டு, துண்டாக்கி, எண் போட்டு, பதில் வாங்கி அனுப்பும். அந்த அணில் முறைக்கு டிசிபி என்று பெயர். வீடியோவில் முகம் பார்த்துப் பேசும்போது பெரும்பாலும் குக்குறுவான் முறை. அதற்கு யுடிபி என்று பெயர். அதில் படம் ஒரு நொடி உடைந்தால் உடைந்ததுதான். பேச்சு நிற்காது.

தவறினால் பரவாயில்லை என்கிற சேதியைக் கத்திவிட்டுப் போகலாம். தவறவே கூடாத சேதியை, வந்து சேர்ந்தது என்ற பதில் காதில் விழும்வரை சொல்லிவிட்டதாக நினைக்காதே.