மரங்கொத்தி கொத்திய கணக்கு

“கோட்டான்கிட்ட வழக்குன்னு போனா, எதையோ ஒண்ணை வீட்டுல விட்டுட்டுப் போகணும்.”

கிழட்டு ஆமை ஒருமுறை இப்படிச் சொன்னது. எதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அணிலுக்கு மறந்துவிட்டது.

அணிலின் பொந்தில் ஒரு மைனா குடியேறி முட்டையும் இட்டிருந்தது. பெண் அணிலோ கர்ப்பமாக இருந்தது. மழைக்குள் பொந்து கிடைக்காவிட்டால் குட்டிகள் பிழைக்காது. அதனால் அணில், சேர்த்துவைத்த நாவல்பழங்களைச் சுமந்துகொண்டு வக்கீல் கோட்டானிடம் போனது.

கோட்டான் எதையும் மறைக்கவில்லை.

“வெளியே மரங்கொத்தி கொத்துவது கேட்கிறதா? நீர் உள்ளே இருக்கும்வரை ஒரு கொத்துக்கு ஒரு பழம். நான் பேசினாலும் சரி, கண்ணை மூடி யோசித்தாலும் சரி.”

“ஆகட்டும் ஐயா! சாப்பிட்டீங்களா?”

டொக்.

“ஆயிற்று.”

“வீட்டுல அம்மா, பிள்ளைங்க எல்லாரும் சௌக்கியமா?”

டொக். டொக்.

“சௌக்கியம். கடைசிப் பயலுக்குத்தான் இறக்கையில் கொஞ்சம் கோளாறு. அது பெரிய கதை…”

டொக். டொக். டொக்.

எடுத்த எடுப்பில் காரியத்தைப் பேசுவது மரியாதை இல்லை என்று பழகிய அணில் அது. பொந்து என்ற சொல் வாயில் வருவதற்குள் பாதிப் பழம் தீர்ந்துவிட்டது. நாக்கைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லியிருந்தது ஆமை!

பிறகும் அணில் அடிக்கடி வந்தது. கோட்டான் மைனாவின் வக்கீலுக்குச் செய்தி அனுப்பியது, அதற்குப் பழம். பதில் வந்தது, அதைப் படிக்கவும் பழம். ஒண்டியிருந்த கிளையில் பெண் அணில் வெறும் கொட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது.

மைனாவின் வக்கீல் ஒரு கூகை. அதுவும் அதே மரத்தின் மறுபக்கப் பொந்தில்தான் இருந்தது. ஒரு மாலை இரண்டு வக்கீல்களும் வேலையாக இருந்தன. அணிலும் மைனாவும் வெளியே ஒரே கிளையில் காத்திருந்தன.

“என்னக்கா, இளைச்சிட்டே?” என்றது அணில்.

“நீ மட்டும் கொழுத்தா இருக்கே? பிடிச்ச புழுவெல்லாம் கூகைக்கே போகுது! எனக்கு உன் பொந்தா பெரிசு? குஞ்சுகளுக்குச் சிறகு முளைச்சா மழைக்கு முன்னாடியே கிளம்பிடுவேன்.”

“எங்க வீட்டுல பிரசவமே மழை ஆரம்பிச்ச பிறகுதானே! இதை ஏன் அப்பவே சொல்லல?”

“என் வக்கீல்கிட்ட சொன்னேனே! உன் வக்கீலுக்குச் சொல்லி அனுப்ப இன்னும் புழு வேணும்னாரு.”

இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. அணில் கிளையில் இருந்தபடியே கத்தியது.

“ஐயா! வழக்கு முடிஞ்சுபோச்சு!”

“அப்படியா! உள்ளே வந்து விவரமாகச் சொல்லுமேன்!”

“வேண்டாங்க! இங்கேயே காத்து நல்லா வருது!”

மைனா சொன்னபடி கிளம்பியது. முதல் மழைக்குப் பின், காய்ந்த பொந்தில் அணில் குட்டிகள் பிறந்தன.

எதிராளியிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்காதவர், அந்த வார்த்தையை இன்னொருவரிடம் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கும்.

இனி கட்சிக்காரர்களை ஆளுக்கொரு கிளையில் உட்கார வைப்பது என்று கோட்டான் முடிவு செய்தது.