பார்க்க வந்தவனும் அழிக்கும் லிங்கும்

ஒரு காலத்தில் கரிகுடி நாட்டை விஜயகேது என்றொரு அரசன் ஆண்டான். ரொம்பப் பழைய காலமில்லை. அரண்மனைக்கு வெப்சைட் வந்துவிட்ட காலம்.

குடிமக்களின் மனுக்களை அதில் ஏற்ற அமைச்சர் செங்கமலம் கையடக்கமாக ஒரு நிரல் எழுதியிருந்தார். வருகிற கோரிக்கை ‘கெட்’ என்றால் மனுவைக் காட்டும். ‘போஸ்ட்’ என்றால் புதிதாகச் சேர்க்கும். ‘டெலீட்’ என்றால்தான் அழிக்கும். வேறெதுவும் சொன்னால் அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பிவிடும்.

தளவாய் வீரபாகுவுக்கு இதில் வயிற்றெரிச்சல். "மன்னா, முகவரி சொன்னால் போதாதா? இந்த அம்மாள் கெட்டா, போஸ்ட்டா, டெலீட்டா என்று முறையும் சொல்லச் சொல்கிறார். என் நிரலில் எல்லாமே கெட்தான். ஒவ்வொரு மனுவின் பக்கத்திலும் ‘அழி’ என்று ஒரு லிங்க். தொட்டால் வேலை முடிந்தது."

அரசனுக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் சரி. வீரபாகுவின் நிரலையே வைக்கச் சொன்னான். "பார்க்க வருகிறவர் எதையும் கெடுக்காமல் திரும்ப வேண்டும், மன்னா" என்று செங்கமலம் சொன்னது அவன் காதில் ஏறவில்லை.

மறுவாரம் ஒரு மனுகூட இல்லை. தண்ணீர் கேட்டவர், நிலம் கேட்டவர், எல்லார் மனுவும் போயிருந்தது. "பொறாமையில் இந்த அம்மாள்தான் அழித்திருக்கிறார்" என்றார் வீரபாகு.

"நீர் அழிக்கவில்லை என்று இன்றைக்குள் நிரூபியும், இல்லையென்றால் பதவியை விட்டுப் போம்" என்றான் அரசன். அழித்தது யாரென்று செங்கமலம் ஊகித்துவிட்டார்.

"அவையோரின் பதவிப் பட்டியலை இரண்டு நிரலிலும் ஏற்றுவோம். நம்மில் யாரும் தொட வேண்டாம். இணையத்தைத் தானாகவே சுற்றிவரும் தேடுபொறியை மட்டும் வந்து பார்க்கச் சொல்கிறேன். அது கண்ணில் படும் லிங்க்கையெல்லாம் ‘கெட்’ என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான்."

"பார்த்தால் என்ன குறைந்துவிடும்? என் பெயரையே முதலில் போடும்" என்றார் வீரபாகு.

மதியச் சாப்பாடு முடித்து வந்து திறந்தார்கள். செங்கமலத்தின் பட்டியல் அப்படியே இருந்தது. வீரபாகுவின் பட்டியலில் தலைப்பு மட்டும்தான் மிச்சம். தளவாய் இல்லை, புரோகிதர் இல்லை, அரசனே இல்லை.

"என்னையுமா?" என்றான் அரசன்.

"பட்டியலில் உங்கள் பெயர் பக்கத்திலும் ஒரு ‘அழி’ லிங்க் இருந்ததே, மன்னா. மனுக்களும் இப்படித்தான் போயின. பார்க்க வந்த தேடுபொறி, பக்கத்தில் இருந்த ‘அழி’யையும் தட்டிவிட்டது."

அரசன் வாய்விட்டுச் சிரித்தான். "அம்மையாரே, இனி வெப்சைட்டின் வாசல் உம்முடையது. என் கட்டளையும் உம் முறைப்படியே வரும்." பிறகு வீரபாகு பக்கம் திரும்பினான். "உம் பதவியை நான் பறிக்கவில்லை, உம்முடைய நிரலே பறித்துவிட்டது. வீடு வீடாகப் போய்க் கேட்டு, ஒவ்வொரு மனுவாக நீரே போஸ்ட் பண்ணும்."

வீரபாகு முதலில் போனது, தண்ணீர் கேட்ட பெண்ணின் வீட்டுக்கு. அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எழுதிக்கொண்டு வந்தார்.